பெரிய எழுத்து மாத்திரை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என்னைப் பற்றி நடக்கும் ஒரு பேச்சை முதலில் திருத்திவிட்டு மற்றதற்கு வருகிறேன். பெரியப்பா மகள் வீட்டு விருந்தில், ‘அவங்களுக்கு வரவரக் கை இறுகிப்போச்சு, சமையல்காரி சாப்பிடுற மாத்திரையை வாங்கித் தின்னுறாங்க’ என்று சிரித்தார்களாம். பேச்சை எடுத்தவள் உன் மனைவி என்றும் கேள்வி. அது உண்மையல்ல. சமையல்காரியின் மாத்திரையை நான் விழுங்கியது ஒரே ஒரு நாள், அதுவும் தவறுதலாக. அதற்குப் பிறகு விழுங்குவதெல்லாம் நானே கடைக்குப் போய் வாங்கியது. கஞ்சத்தனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நடந்தது இதுதான். சமையல்காரிக்கும் எனக்கும் ஒரே நோய், இரத்த அழுத்தம். என் மாத்திரை அட்டை சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அவளும் தன்னுடையதை அங்கேயே சொருகி வைத்திருக்கிறாள். ஒரு காலையில் கண்ணாடி போடாமல் எடுத்து விழுங்கிவிட்டேன். பிறகு பார்த்தால் அட்டை வேறு. அவளைப் பிடித்துக் கத்தினேன்.

“எடுத்து முழுங்கினது நீங்க, திட்டு எனக்கா? இன்னைக்கு நான் எதை முழுங்குறது?” என்றாள்.

நியாயமான கேள்விதான். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அட்டைகளையும் ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். என்னுடையதில் உன் மருந்துக் கம்பெனிக்காக நீ ஊர் ஊராக விற்ற பெயர், சிவப்பில், கொட்டை எழுத்தில். அதற்கு அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி மருந்தின் பெயர். அவளுடையதில் அந்த எறும்புப் பெயர் மட்டும். மருந்து அதே. அளவும் அதே. கடைசிப் புள்ளி வரை படிக்காமல் எதையும் ஏற்காதே என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிச் சொல்லி எங்கள் காது தேய்ந்திருக்கிறது. ஆனால் தினமும் வாயில் போடுவதை நான் படித்ததே இல்லை.

டாக்டரம்மாவிடம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். “ரெண்டும் ஒண்ணுதாம்மா. மாத்திக்கலாம். ஆனா ரெண்டையும் சேத்து முழுங்கிடாதீங்க. மாத்தினப்புறம் கொஞ்ச நாள் வந்து பிரஷர் பாத்துட்டுப் போங்க” என்றாள்.

“இதை ஏன் இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியேம்மா.”

தம்பி, நான் கேட்கவில்லையாம்!

மாறிவிட்டேன். போய்ப் பார்த்தும் வருகிறேன். அழுத்தம் எப்போதும் போலவே இருக்கிறது. அப்பாவை ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் தள்ளிய நோய் இது. அவர் நமக்கு வைத்துப் போன சொத்தும் இது ஒன்றுதான். அதில் நான் விளையாட மாட்டேன். உனக்கும் இதே நோய்தான், ஆனால் மாத்திரை வாங்கும் தலைவலி இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி பெட்டி பெட்டியாக வீட்டுக்கே அனுப்புகிறது.

உன் மனைவியிடம் சரியான செய்தியைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 24

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே இருவரும் நலம். காலையில் எழுந்ததும் தலை கொஞ்சம் சுற்றுகிறது, வயதாகிவிட்டதல்லவா. வேறொன்றும் இல்லை.

உன் கடிதத்தின் முதல் பாதிக்குச் சிரித்தேன், மறு பாதிக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரி அப்படிச் சொல்லவே இல்லையாம். ‘அக்கா ரொம்பச் சிக்கனம்’ என்றுதான் சொன்னாளாம். விருந்து வீட்டில் ஒரு சொல் கிளம்பினால் வாசல் தாண்டுவதற்குள் அதற்குக் காலும் வாலும் முளைத்துவிடும். விட்டுவிடு.

ஆனால் மாத்திரையை விட முடியாது. நம்ம மாத்திரைக்காக நான் எத்தனை டாக்டர்கள் வாசலில் பெட்டியோடு நின்றிருக்கிறேன் தெரியுமா? ஆள் வந்திருக்கிறான் என்று உள்ளே சொல்லிவிட்டு அரை நாள் உட்கார வைப்பார்கள். கூப்பிட்டால் பேச எனக்குக் கிடைப்பது அவர் கை கழுவுகிற நேரம். “சார், உங்க அம்மாவுக்குன்னா எதை எழுதுவீங்க?” என்று ஒரே கேள்வி கேட்பேன். துண்டில் கை துடைத்துக்கொண்டே சிரித்து எழுதிவிடுவார். அப்படி ஊரெல்லாம் எழுத வைத்தவனின் சொந்த அக்கா, பெயரில்லாத மாத்திரைக்குப் போய்விட்டாள் என்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

மாத்திரை என்றால் மாவை உருட்டிக் காய வைத்தது இல்லை. அது வயிற்றில் எப்போது கரைகிறது, எவ்வளவு ரத்தத்தில் சேருகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எல்லாம் இருக்கிறது. மலிவைத் தேடிப் போகிறவன் வைத்தியச் செலவில் மாட்டுவான்.

என்னிடம் மிச்சமே நிறையக் கிடக்கிறது. அனுப்புகிறேன். நீ கடைப்பக்கமே போக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் தலைச்சுற்றலுக்கு வயது காரணமில்லை. உன்னைவிட எனக்கு வயது அதிகம், எனக்குச் சுற்றவில்லை. டாக்டரைப் பார்.

நீ சொன்ன கரைவது, சேருவது, நிற்பது எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். “அதையெல்லாம் சோதிச்சுட்டுத்தான் விக்க விடுறாங்க. ஒரு சில மருந்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், இது அதுல இல்ல. உங்க தம்பி நல்லாப் பேசுறாரு” என்றாள். பாராட்டு உனக்கு, மாத்திரை எனக்கு.

இனிமேல் கேள். புது மாத்திரையை இதுவரை டாக்டரம்மா இருக்கும் தெருவில் வாங்கினேன், நேற்று எங்கள் தெரு மருந்துக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர். சீட்டைப் படித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இது உங்களுக்கு வேணாம்மா. இது வேற ஆளுங்க வாங்குறது.”

“எந்த ஆளுங்க?”

“இல்லம்மா... வசதி இல்லாதவங்க.”

எனக்குப் பின்னால் ஒரு கொத்தனார், முழங்கை வரை சிமெண்டோடு நிற்கிறார். அவர் கையிலும் அதே மருந்துச் சீட்டு.

“வசதி இல்லாதவங்களுக்குப் பிரஷர் குறையலைன்னா பரவாயில்லையா?” என்றேன்.

“ஐயோ, குறையும்மா. நல்லாக் குறையும்.”

“அவங்களுக்குக் குறையும்னா எனக்கு மட்டும் ஏன் குறையாது? எடுங்க.”

“அம்மாவுக்கு முதல்ல குடுத்தனுப்புங்கண்ணே. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா இங்க எல்லாருக்கும் ஏறிடும்” என்றார் கொத்தனார்.

வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் எதிர்வீட்டு அம்மாள். உடனே என் கை அட்டையைப் பையின் அடியில் தள்ளியது, தம்பி! நான் சொல்லாமல் தானாகத் தள்ளியது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மருந்து வாங்கப் போன இடத்தில் தராதரத்தையும் அல்லவா சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள்! அது இல்லாத அட்டையை வாங்கினால் நமக்கே கூசுகிறது. இந்தக் கூச்சத்தை நமக்குப் பழக்கிவிட்டவர்களில் நீயும் ஒருவன்.

பார்சல் அனுப்பாதே.

அக்கா

*

பிப்ரவரி 25

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

திட்டியதை வாங்கிக்கொண்டேன். பார்சலை அனுப்பிவிட்டேன். மிச்சம்தான், யோசிக்காதே. அந்த வெள்ளை மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைச் சாப்பிடு. எனக்காக.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்தை நீ சொல்லி நம்புகிற நிலையில் நான் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

பார்சல் வந்தது. பிரித்து மேசை மேல் பரப்பினேன். எல்லா அட்டைகளும் நடுவில் கத்தரியால் வெட்டியவை. முழு அட்டை ஒன்றுகூட இல்லை. மிச்சம் கிடக்கிறவன் முழுசாக நாலு அட்டையை உறையில் போட்டு அனுப்புவான். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். சின்ன வயதில் அழிரப்பரைப் பிளேடால் வெட்டிப் பெரிய துண்டை என் டப்பாவில் போட்டுவிட்டு ‘எங்கிட்ட நிறைய இருக்கு’ என்பாய். உன்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான் என்று வீட்டுக்கே தெரியும்.

இன்னொன்று. தினமும் ஒன்று விழுங்குகிறவனிடம் மாத்திரை எப்படி மிஞ்சும்? விழுங்காத நாளில்தான் மிஞ்சும். வெட்டாத ஓரத்தில் தேதி தெரிகிறது. இந்தச் சரக்கு பழையது, காலாவதியாக இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. கம்பெனி மாதாமாதம் பெட்டி அனுப்புகிறது என்றால் புதிய அட்டைகள் எங்கே?

ஆகவே கேட்கிறேன். கம்பெனிப் பெட்டி வருகிறதா, இல்லையா? நீ தினமும் மாத்திரை போடுகிறாயா, இல்லையா?

நீ அனுப்பியதில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன். பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

அக்கா

*

மார்ச் 30

பிரியமுள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீயும் உன் சமையல்காரியும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மொட்டை மாடியில் விரிசல் விட்டிருந்தது, ஆளைக் கூப்பிட்டுப் பூசினோம். பூசியவன் விரிசலைவிட அதிகமாக என் படிக்கட்டைக் கெடுத்துவிட்டுப் போனான். பழைய கம்பெனி நண்பன் ஒருவன் வந்திருந்தான். அந்தக் காலத்தில் மழையில் ஒருமுறை என் பெட்டி திறந்துகொண்டு சாம்பிள் மாத்திரை எல்லாம் சாக்கடையில் மிதந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ‘இனி இந்தத் தெருச் சாக்கடைக்குப் பிரஷரே வராது’ என்று அன்றைக்கு அவன் சொன்னான். உனக்குச் சொல்லியிருக்கிறேனா?

உன் காது எப்படி? தொலைபேசியில் பேசினால் கேட்கவில்லை என்கிறாயே, மெஷின் வாங்கினால் என்ன? நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கு.

பார்சல் திரும்பி வந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

சுகம்.

மொட்டை மாடி, படிக்கட்டு, சாக்கடை, என் காது. நான் கேட்டது இரண்டே கேள்வி. இரண்டுக்கும் பதில் இல்லை. டாக்டர் வாசலில் பேசிப் பேசிக் கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லப் பழகியிருக்கிறாய். நான் டாக்டர் இல்லை. எனக்குக் கை கழுவும் அவசரமும் இல்லை.

சொல்லாததையும் எனக்குப் படிக்கத் தெரியும். பெட்டி வரவில்லை. நீ மாத்திரையை விட்டு விட்டுப் போடுகிறாய். தலை சுற்றுவது அதனால். கடையில் விற்கும் உன் மாத்திரையை வாங்க முடியவில்லை என்றால் பாதி விலைக்கும் கீழே அதே மருந்து அதே கடையில் இருக்கிறது. அதை வாங்க உன் கௌரவம் விடவில்லை. நல்ல மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதைவிட வெறும் மருந்துப் பெயர் போட்ட மாத்திரையைத் தினமும் போடுவது எவ்வளவோ மேல் என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டவர்கள் நாம் இருவரும். உனக்கு அது மறந்திருக்காது.

நான் எழுதியது தப்பு என்றால் தப்பு என்று எழுது.

அக்கா

*

மே 5

தம்பிக்கு,

சுகம். உன் பதிலைக் காணோம். தபால்காரரைத் தினமும் வாசலில் நிறுத்திக் கேட்கிறேன். அவர் இப்போது எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

அக்கா

*

மே 19

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமா? நான் கடிதம் எழுதிப் பழகாதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விருந்தில் பேசியது நான்தான். நீங்கள் கேள்விப்பட்ட அதே வார்த்தையைத்தான் சொன்னேன். உங்கள் தம்பி எனக்காக மாற்றி எழுதினார்.

ஏப்ரல் கடைசியில் அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். காலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. பேச்சு மெதுவாக வருகிறது. வலது கை நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறார்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி அக்கா. கம்பெனி கைமாறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் பெட்டியை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வரி தகவல்கூட இல்லை. பெட்டி வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் கடைக்குப் போய் விலை கேட்டு வந்தார். “நான் வித்தப்ப இப்படியா இருந்துச்சு?” என்றார். அதற்குப் பிறகு சேர்த்து வைத்திருந்ததை விட்டு விட்டுப் போட்டார். உங்களுக்கு வெட்டி அனுப்பிய பிறகு அதுவும் குறைந்தது. நீங்கள் திருப்பி அனுப்பியதைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்துவிட்டார். “அது அக்காவோடது” என்றார்.

இப்போது இருக்கிற கஷ்டம் வேறு. ஆஸ்பத்திரியில் கொடுத்தது வெறும் மருந்துப் பெயர் போட்ட மாத்திரை. வாயில் வாங்கி ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்கிறார். நான் தண்ணீர் டம்ளரை வைக்கத் திரும்பினால் துப்பித் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறார். படுக்கை விரிப்பை மாற்றும்போது பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இதை முழுங்கினா இத்தனை வருஷம் நான் ஊரை ஏமாத்தினவன்னு ஆயிடும்” என்கிறார். “சரி, என் வளையலை வித்து நீங்க வித்த மாத்திரையையே வாங்குறேன்” என்றேன். “பொண்டாட்டி வளையலை வித்துத் திங்கிற மருந்தையா நான் ஊருக்கு வித்தேன்?” என்று அதற்கும் கத்துகிறார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

மாத்திரை நின்றால் இன்னொரு தடவை வரும், அடுத்தது இப்படி லேசில் விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். உங்கள் கடிதம் வந்தால் மட்டும் இரண்டு தடவை படிக்கிறார். எழுதுங்கள் அக்கா.

உங்கள் தம்பி மனைவி

*

மே 26

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் சுகம் இப்போது எனக்குத் தெரியும். உன் மனைவி சத்தியத்தை மீறிவிட்டாள் என்று அவள் மேல் பாயாதே. இந்தக் குடும்பத்தில் நேராகப் பதில் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விருந்துப் பேச்சை நான் அவளிடம் இனி எடுக்க மாட்டேன்.

எனக்குக் கோபம் வருகிறது. கடைக்காரர் மேல் வந்ததைவிட அதிகமாக வருகிறது. நீ வெயிலிலும் மழையிலும் பெட்டி சுமந்து வளர்த்துவிட்ட கம்பெனி, உனக்கு ஒரு அட்டை மாத்திரை தருவதை நிறுத்திவிட்டது. நிறுத்தியதைச் சொல்லக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை. அவர்களைத் திட்டி நீ ஒரு வரி எழுதவில்லை. எனக்குக்கூட எழுதவில்லை. ஒரு வெள்ளை மாத்திரை உனக்கு என்ன செய்தது? அதைப் போய்த் துப்புகிறாய்.

ஊரை ஏமாற்றினேன் என்கிறாயாம். இதற்கு நான் நேராகப் பதில் சொல்கிறேன். கவனமாகப் படி.

நீ ஏமாற்றவில்லை. நீ விற்றது நல்ல மருந்து. அதைத் தின்றுதான் நான் இத்தனை வருஷம் என் கையால் எழுதிக்கொண்டும் என் காலால் கடைக்குப் போய்க்கொண்டும் இருக்கிறேன். அப்பாவுக்குக் கிடைக்காத மருந்து அது. எத்தனையோ வீடுகளில் ஒருவரும் குளியலறையில் விழாமல் இருந்ததற்கு நீ அந்த வாசல்களில் காத்து நின்றது ஒரு காரணம். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. குறை சொல்லத் தெரிந்த அளவு எனக்கு நிறை சொல்லத் தெரியாது.

அட்டை மேலே கொட்டை எழுத்தில் பெயர் போட்டவர்கள் யாரோ. விலை வைத்தவர்கள் யாரோ. நீ வாசல் வாசலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது உள்ளே இருந்த மருந்தை. அந்த மருந்துதான் இப்போது உன் தலையணைக்கு அடியில் ஈரமாகக் கிடக்கிறது. நீ துப்புவது வேறு எவனுடைய மருந்தையும் இல்லை. உன்னுடையதைத்தான்.

நல்லது என்று நீ சொன்னது நல்லதுதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? பெயரை எடுத்துவிட்டார்கள், பளபளப்பை எடுத்துவிட்டார்கள், விலையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அது வேலை செய்கிறது. உன் அக்காவிடம் வேலை செய்கிறது. என் சமையல்காரியிடம் வேலை செய்கிறது. கொத்தனாரிடம் வேலை செய்கிறது. உன்னிடம் மட்டும் வேலை செய்யவில்லை. ஏனென்றால் நீ அதை விழுங்கவில்லை.

நான் ரயிலேறி வந்து உன் கட்டில் பக்கத்தில் நிற்கலாம். வந்தால் எனக்குப் பயந்து விழுங்குவாய். நான் திரும்பிப் போனதும் துப்புவாய். அதனால் இப்போது வரவில்லை. நீயாக விழுங்க ஆரம்பித்த பிறகு வருகிறேன். வந்து சண்டை போடாமல் ஒரு வாரம் இருக்கிறேன். அது உனக்கு நான் தரக்கூடிய பெரிய வாக்கு.

இந்தக் கடிதம் வந்த மறுநாள் காலையில் மாத்திரையை உன் கையால் எடுத்துப் போட்டு விழுங்கு. பிறகு ஒரு தாளில் ‘விழுங்கினேன்’ என்று எழுது. அந்த ஒரு வார்த்தை போதும். உன் மனைவி எழுதக்கூடாது. எழுதும்போது தாள் நகர்ந்தால் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல். எழுத்து கோணினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பதில் எழுது.

உன் அக்கா